கப்பல் ஏறும் நாளன்றே மலையிலிருந்து இறங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் பயணச்சீட்டுப் பதிவு செய்து கொடுக்கும் சிறிய கடை ஒன்றை நடத்துகிறேன். முன்பெல்லாம் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களே அதிகம் வருவார்கள். இப்போது வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அம்மா அப்பாவை ஒருமுறையாவது உல்லாசக் கப்பலில் ஏற்றிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் போகும் கப்பலைப் பற்றி விசாரிக்கிறவர்களும் வருகிறார்கள். சீட்டைக் கையில் வாங்கியதும் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "அன்றைக்கே இறங்கினால் போதாதா?"

போதாது. முதல் நாளே இறங்கிவிடுங்கள். ஏன் என்பதையும், எந்த இடத்தில் இந்தப் பேச்சைத் தளர்த்தலாம் என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

கப்பல் மாலை 5 மணிக்குத்தானே புறப்படுகிறது? காலை 6 மணிக்கு ஹட்டனில் பஸ் ஏறினால் நண்பகலுக்குள் கொழும்புக்குப் போய்விடலாமே?

சீட்டில் இருக்கும் 5 மணி கப்பலுடைய நேரம். உங்களுடைய நேரம் அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். பல உல்லாசக் கப்பல்களில் புறப்படுவதற்கு 60 முதல் 90 நிமிடங்களுக்கு முன்பே பயணிகளை ஏற்றுவதை நிறுத்திவிடுகிறார்கள். அதற்குள் நீங்கள் துறைமுக வாசலில் பாதுகாப்புச் சோதனையை முடித்து, பெரிய பைகளை ஒப்படைத்து, கடவுச்சீட்டைக் காட்டி, குடிவரவு குடியகல்வு வரிசையையும் தாண்டியிருக்க வேண்டும். ஆயிரக்கணக்கானோர் ஏறும் கப்பலென்றால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனி வருகை நேரமே குறித்துக் கொடுத்திருப்பார்கள். ஆகவே 5 மணிக் கப்பலுக்கு 2 மணிக்கு வாசலில் நிற்பதே நியாயமான கணக்கு.

இப்போது கீழிருந்து மேலாக எண்ணிப் பாருங்கள். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் சாதாரண நாளில் 5 மணி நேரம் வரை ஆகும். அவிசாவளைக்குப் பிறகு ஊர்ந்து போகிற நெரிசலுக்கு ஒரு மணி நேரம் வையுங்கள். புறக்கோட்டையில் இறங்கி, பைகளோடு ஓட்டோ பிடித்து, சரியான வாசலைத் தேடிப் போக இன்னும் அரை மணி நேரம். 6 மணிக்கு ஏறியவர் ஒன்றும் நடக்காத நாளில் 12.30க்குப் போய்ச் சேருவார். கையில் மிச்சம் ஒன்றரை மணி நேரம். கினிகத்தேனையில் ஒரே ஒரு மரம் விழுந்தால் அந்த ஒன்றரை மணி நேரம் போய்விடும்.

நம்மவர்கள் நல்ல நாளின் நேரத்தை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். "போன மாதம் நாலு மணி நேரத்தில் போனேன்" என்பார்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தக் கணக்கு பரவாயில்லை, தவறினால் மறுநாள் போகலாம். கப்பலுக்கு மறுநாள் கிடையாது.

நாங்கள் வழியில் இருக்கிறோம் என்று தொலைபேசியில் சொன்னால் கப்பல் காத்திருக்காதா?

காத்திருக்காது. கப்பலைத் துறைமுகத்திலிருந்து வெளியே வழிநடத்திக் கொண்டுபோகும் மாலுமிக்கு நேரம் குறிக்கப்பட்டிருக்கும். கப்பல் நிற்கும் இடம் அடுத்த கப்பலுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். அடுத்த ஊரில் இதே கப்பலுக்காக ஓர் இடம் காத்திருக்கும். கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த பஸ்ஸோ விமானமோ தாமதமானால் சில வேளைகளில் பொறுத்திருப்பார்கள், அல்லது அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். நீங்களாகப் பிடித்த வேனுக்கு அந்தச் சலுகை இல்லை.

மலைப்பாதையில் அப்படி என்ன நடந்துவிடும்? தினமும் பஸ் ஓடத்தானே செய்கிறது?

ஓடுகிறதுதான். ஆனால் எந்த மாதத்தில், எந்தச் சரிவில் என்று பார்க்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டும். கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா பக்கமெல்லாம் அதற்குள் வரும். ஒக்டோபர், நவம்பரில் பருவங்களுக்கு இடைப்பட்ட மழை எல்லாப் பக்கமும் பெய்யும், பெரும்பாலும் பிற்பகலில், இடியோடு. டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆக, ஹட்டன்காரருக்குப் பயமான மாதம் வேறு, பண்டாரவளைக்காரருக்குப் பயமான மாதம் வேறு. தெருமுனையில் வெயில் அடிப்பதைப் பார்த்து நம்பிவிட வேண்டாம். நீங்கள் கடந்து போக வேண்டிய சரிவு 40 கிலோமீட்டருக்கு அப்பால் நனைந்துகொண்டிருக்கும்.

ஏ7 வீதியில் கினிகத்தேனைக்கும் கித்துல்கலவுக்கும் இடைப்பட்ட வளைவுகள், நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறங்கும் றம்பொடைப் பகுதி, ஏ4 வீதியில் பெரகலவைச் சுற்றியுள்ள சரிவுகள், கண்டிக்குக் கீழே கடுகண்ணாவை: மலையகத்திலிருந்து வெளியேறும் ஒவ்வொரு வழியிலும் இப்படி ஓர் இடம் இருக்கிறது. கீழே இறங்கிவிட்டால் ஆபத்து முடிந்தது என்றும் சொல்ல முடியாது. களனி கங்கை பெருகினால் அவிசாவளை, ஹங்வெல்லைப் பக்கமும், களு கங்கை பெருகினால் இரத்தினபுரியும் நீரில் நிற்கும்.

2025 நவம்பரை யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அந்த மாதம் பஹல கடுகண்ணாவையில் மண் சரிந்து கண்டி–கொழும்பு வீதி மூடப்பட்டது. அடுத்த சில நாட்களில் டித்வா புயல் வந்தது. வீதிகள் துண்டாகின, ரயில் பாதை பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டது, நம் மாவட்டங்களில் எத்தனையோ வீடுகள் மனிதர்களோடு மண்ணுக்குள் போயின. அதை ஒரு பயணக் குறிப்பில் உதாரணமாக எழுதவே மனம் வரவில்லை. ஆனாலும், "இதெல்லாம் எப்போதாவது நடப்பது" என்று சொல்கிறவர்களுக்காக எழுத வேண்டியிருக்கிறது.

மழை மட்டுமே காரணம் என்றும் இல்லை. டிசம்பர் போயா (பௌர்ணமி) தொடங்கி வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாத மலை யாத்திரைப் பருவகாலம். வார இறுதிகளில் ஹட்டன் நகரைக் கடப்பதற்கே நெடுநேரமாகும். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கூட்டம். எசல பெரஹர ஊர்வல நாட்களில் கண்டி நகரம். உங்கள் கப்பல் தேதி இவற்றில் எதன் மீதாவது விழுகிறதா என்று நாட்காட்டியைப் பாருங்கள்.

கப்பல் சிங்கப்பூரிலிருந்து புறப்படுகிறது. விமானம் காலையிலேயே போய்விடும். கப்பல் மாலையில்தான். அதில் என்ன ஆபத்து?

இந்தக் கேள்விக்கு என் அக்கா வீட்டில் நடந்ததையே பதிலாகச் சொல்கிறேன்.

அக்கா முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்தவர். மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். அவன்தான் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நான்கு நாள் உல்லாசக் கப்பல் பயணம் பதிவு செய்தான். கட்டுநாயக்கவிலிருந்து நள்ளிரவு தாண்டி 1 மணிக்கு விமானம். 4 மணி நேரப் பறப்பு. கப்பல் மறுநாள் மாலை. காகிதத்தில் பார்த்தால் நாள் முழுவதும் மிச்சம் இருப்பதுபோலத் தெரியும். நானும் அப்படித்தான் நினைத்தேன். தேதியைப் பார்த்து "சரி" என்று சொன்னவனும் நானே.

அது ஜூன் மாதம். மாலை 5 மணிக்கு வேன் புறப்பட்டது. கினிகத்தேனையைத் தாண்டிய சிறிது தூரத்தில் வாகனங்கள் வரிசையாக நின்றன. மேலே மண் சரிந்திருந்தது. "இன்னும் அரை மணி நேரத்தில் திறந்துவிடுவார்கள்" என்று யாரோ சொன்னார்கள். அந்த அரை மணி நேரம் இரண்டு மணி நேரமானது. பிறகு திரும்பி, நாவலப்பிட்டி, கம்பளை, கண்டி என்று சுற்றி, கேகாலை வழியாக இறங்கி, விமான நிலையத்துக்குப் போனபோது மணி 12.40. பயணிகளைப் பதிவு செய்யும் கருமபீடத்தை மூடிவிட்டார்கள். அடுத்த விமானத்தில் இரண்டு பேருக்கு இடமில்லை. மறுநாள் இரவு விமானத்தில் அவர்கள் சிங்கப்பூர் போய் இறங்கியபோது கப்பல் கடலில் இருந்தது. மகன் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குக் கூட்டிப்போய், "இங்கேதான் நின்றது" என்று காட்டினானாம். அக்கா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை குறைசொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

கணக்கு எங்கே பிழைத்தது என்று பின்னால் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். கப்பலுக்கும் விமானத்துக்கும் நடுவில் நிறைய நேரம் இருந்தது. விமானத்துக்கும் மலைக்கும் நடுவில் இல்லை. சங்கிலியில் எந்த இடம் மெல்லியதோ அங்கேதான் நேரத்தைச் சேர்க்க வேண்டும். நமக்கு அந்த இடம் எப்போதும் முதல் 70 கிலோமீட்டர்தான்.

இன்னொன்று: சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். 1 மணி விமானம் அங்கே இறங்கும்போது நம் கடிகாரத்தில் காலை 5, அங்கே 7.30. தாமதமானால் இந்த இரண்டரை மணி நேரமும் உங்களுக்கு எதிராகவே நிற்கும். அங்கே உல்லாசக் கப்பல்களுக்கு மெரினா பே, ஹார்பர்ஃப்ரண்ட் என இரண்டு முனையங்கள் இருக்கின்றன. எது உங்களுடையது என்று சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே வெளிநாட்டுத் துறைமுகம் என்றால் இரண்டு இரவுகள் வையுங்கள். ஒன்று மலைக்குக் கீழே, விமான நிலையத்துக்கு அருகில். மற்றது கப்பல் நிற்கும் ஊரில். இரண்டுக்கும் பணம் இல்லையென்றால் முதலாவதை விட்டுவிடாதீர்கள்.

ஒரு நாள் பேர் (தோட்டத்தில் ஒரு நாள் வேலையும் அதன் கூலியும்) போய்விடும். தங்குவதற்கும் செலவு. இதை எப்படி நியாயப்படுத்துவது?

தோட்டத்தில் ஒரு நாள் பேர் இழப்பது எவ்வளவு கனமானது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அந்தக் கணக்கில்தான் அடுப்பெரிந்தது. அதனால் இதை எளிதாகச் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டு தொகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒருபக்கம் ஒரு நாள் கூலியும், ஓர் இரவு அறை வாடகையும். மறுபக்கம் கப்பல் சீட்டு முழுவதும், விமானச் சீட்டு, அவசரமாக வாங்கும் புதிய சீட்டு, பிள்ளையின் விடுப்பு. பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் வராத பயணிக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை.

நான் செய்வது இதுதான்: பதிவு செய்ய வரும் பிள்ளையிடம் முதல் நாள் இரவுத் தங்கலையும் சேர்த்தே விலை சொல்கிறேன். அது சீட்டின் ஒரு பகுதி. அதைக் கொடுக்க முடியாவிட்டால் கப்பலில் இன்னும் சிறிய அறையை எடுக்கச் சொல்கிறேன். ஜன்னல் இல்லாத அறையிலிருந்தும் கடலைப் போய்ப் பார்க்கலாம். மேல்தளம் எல்லோருக்கும் பொதுவானது.

எங்கே தங்குவது நல்லது?

கொழும்புத் துறைமுகம் என்றால் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, புறக்கோட்டைப் பக்கம். துறைமுகம் அருகிலேயே இருக்கிறது, தமிழில் பேசிக் காரியம் பார்க்கலாம், சைவச் சாப்பாடும் கிடைக்கும். விமானம் என்றால் நீர்கொழும்பு அல்லது கட்டுநாயக்க. கொழும்பில் தங்கிவிட்டு மறுநாள் மாலை நெரிசலில் விமான நிலையம் போவதைவிட இது மேல்.

நம் பிள்ளைகள் பலர் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். "அவன் அறையில் ஓர் இரவு படுத்துக்கொள்கிறோம்" என்று போகும் பெற்றோர் உண்டு. முடிந்தால் செய்யுங்கள், செலவு மிச்சம். ஆனால் ஆறு பேர் படுக்கும் அறையில் வயதானவர்கள் தூங்காமல் இருந்து மறுநாள் துறைமுக வரிசையில் மயங்கி நிற்பதையும் கேள்விப்பட்டிருக்கிறேன். உறவினர் வீட்டில் இடம் தாராளமாக இருக்கிறதா என்பதை வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள்.

ரயிலா, பஸ்ஸா, வேனா?

எங்கள் மூத்தவர்கள் கோச்சி என்று சொல்லும் ரயில்தான் எனக்குப் பிடித்தது. வயதானவர்களுக்குக் கால் நீட்டலாம், கழிவறை இருக்கிறது, வாந்தி வராது. கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து துறைமுகமும் பக்கம். ஆனால் முதல் நாள் இறங்குகிறவர்களுக்கு மட்டும். பதுளையிலிருந்து கோட்டைக்கு 9, 10 மணி நேரம் ஆகும். இடையில் ஒரு பாறை உருண்டால் வேறு பாதைக்குத் திருப்ப வழியில்லை. பஸ்ஸும் வேனும் சுற்றிப் போகலாம், ரயில் நின்ற இடத்தில் நிற்கும். 2025 புயலில் பாதை அடிபட்டதால், எதிலிருந்து எதுவரை ஓடுகிறது என்று இறங்கும் வாரத்திலேயே நிலையத்தில் நேரில் கேளுங்கள்.

வேன் பிடித்தால் ஓட்டுநரிடம் மாற்று வழி தெரியுமா என்று முன்கூட்டியே பேசுங்கள். ஹட்டன்காரருக்கு முதல் வழி கித்துல்கல, யட்டியாந்தோட்டை, அவிசாவளை. விமான நிலையம் என்றால் கடுவெலையில் வெளிச்சுற்று அதிவேக வீதியில் ஏறி, கெரவலப்பிட்டி வழியாகக் கட்டுநாயக்கவுக்குப் போகலாம், கொழும்பு நகருக்குள் நுழையத் தேவையில்லை. மாற்று வழி நாவலப்பிட்டி, கண்டி. பண்டாரவளை, எல்ல பக்கத்தவர்களுக்கு ஏ4 அடைபட்டால் வெல்லவாய வழியாக இறங்கி, மத்தளையில் தெற்கு அதிவேக வீதியைப் பிடிக்கலாம். தூரம் அதிகம், வேகமும் அதிகம். எல்ல–வெல்லவாய வீதியும் சரிவுக்குப் பேர்போனது என்பதால் அது திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டே திரும்புங்கள்.

இரவு பஸ்ஸில் ஏறினால் விடியற்காலையில் கொழும்பு. ஒரு நாளும் மிச்சம், அறையும் வேண்டாம். இது நல்ல யோசனைதானே?

எனக்கு இதில் உடன்பாடில்லை. 2025 மே 11 அதிகாலையில் கொத்மலை கெரண்டிஎல்லையில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் இரவு நேரத்தில் இன்னொரு பஸ் விழுந்து 15 பேர் போனார்கள். மூடுபனி, வளைவு, தூக்கம் வராமல் விழித்திருக்கும் ஓட்டுநர். மண் சரிந்திருப்பதும் இருட்டில் கடைசி நொடியில்தான் கண்ணில் படும். பகலில் இறங்குங்கள். மழைக்காலத்தில் பிற்பகல் மழைக்கு முன்பே, காலையில் இறங்குங்கள்.

அப்படியானால் அன்றே போவது எப்போதும் தவறா?

இல்லை. கண்டி நகரிலோ பேராதனையிலோ இருக்கிறீர்கள், மாதம் பெப்ரவரி அல்லது மார்ச், பல நாளாக மழையில்லை, கப்பல் கொழும்பிலிருந்தே, உங்களுக்குக் குறித்த ஏறும் நேரம் பிற்பகல் 3 மணி என்றால் அன்று அதிகாலையில் புறப்படலாம். கண்டியிலிருந்து கொழும்பு 115 கிலோமீட்டர், பஸ் அடிக்கடி உண்டு. ஒன்று தவறினால் அடுத்தது வரும். அப்போதும் காலை 11 மணிக்குக் கொழும்பில் இருப்பதாகவே திட்டமிடுங்கள். கண்டிக்கு மேலே இருப்பவர்களுக்கு இந்தத் தளர்வை நான் கொடுக்க மாட்டேன்.

முதல் நாள் இறங்கத் திட்டமிட்டிருக்கிறோம். அதற்கும் முந்தின நாள் மண்சரிவு எச்சரிக்கை வந்துவிட்டது. என்ன செய்வது?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையைப் பிரதேச செயலகப் பிரிவுவாரியாக மூன்று நிலைகளில் வெளியிடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்கவேண்டும். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக இருக்கவேண்டும். சிவப்பு என்றால் ஆபத்தான இடத்திலிருந்து உடனே வெளியேறவேண்டும். உங்கள் பிரிவை மட்டும் பார்க்காமல், கடந்து போகவேண்டிய எல்லாப் பிரிவுகளையும் பாருங்கள்.

மஞ்சள் வந்து, வீதி திறந்திருந்தால், இன்றே பகலில் இறங்குங்கள். ஓர் இரவு கூடுதலாகத் தங்கினாலும் பரவாயில்லை. செம்மஞ்சள் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைத்து வீதி நிலவரத்தைக் கேட்டுவிட்டு, சரிவு குறைந்த வழி திறந்திருந்தால் மட்டும் புறப்படுங்கள். சிவப்பு என்றால் கப்பலை விட்டுவிடுங்கள். பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், பைகளை அவிழ்த்து வையுங்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயங்கள் காலை நேரத்தில் மண்ணுக்குள் புதைந்தன. அதைக் கண்ட நாட்டில் இருந்துகொண்டு, ஒரு சீட்டுக்காகச் சிவப்பு எச்சரிக்கையின் ஊடே வேன் ஓட்டிப் போகச் சொல்லி யாருக்கும் நான் எழுத மாட்டேன். அந்த நேரத்தில் பிள்ளைகள் தொலைபேசியில் "எப்படியாவது போய்விடுங்கள்" என்று சொல்லாதீர்கள். அம்மா அப்பா உங்கள் பணம் வீணாகக் கூடாதென்றே புறப்பட்டுவிடுவார்கள்.

காங்கேசன்துறைக் கப்பலுக்கும் இதே விதிதானா?

இன்னும் கடுமையாக. நாகப்பட்டினத்துக்கான இந்தப் பயணிகள் கப்பல் 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கி, சில நாட்களில் வடகீழ்ப் பருவமழையால் நின்று, 2024 ஓகஸ்டில் வேறு கப்பலோடு மீண்டும் ஆரம்பித்தது. கடலில் சுமார் 4 மணி நேரம்தான். ஆனால் ஹட்டனிலிருந்து கண்டிக்கு இறங்கி, அங்கிருந்து ஏ9 வீதியில் 321 கிலோமீட்டர் போனால் யாழ்ப்பாணம். காங்கேசன்துறை அதற்கும் அப்பால். ஒரே நாளில் போய்க் கப்பல் பிடிக்கும் பேச்சுக்கே இடமில்லை. ரயில் முழுப் பாதையிலும் ஓடும் நாட்களில் பொல்காவலையில் மாறி, காங்கேசன்துறை வரை போகும் வடக்கு ரயிலைப் பிடிக்கலாம்.

இங்கே இன்னொரு வேறுபாடு உண்டு. உல்லாசக் கப்பல் பெரும்பாலும் சொன்ன நாளில் புறப்படும். இந்தச் சிறிய கப்பல் கடல் கொந்தளித்தால் புறப்படாது. மலையிலிருந்து இறங்குவதற்கு முன்பும், யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்த பிறகும் நிறுவனத்தை அழைத்து உறுதி செய்யுங்கள். திருமணம், காரியம் என்று தேதி குறித்த வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு நாள் முன்பதாகச் சீட்டு எடுங்கள். இந்திய இ-விசா குறிப்பிட்ட விமான நிலையங்கள், துறைமுகங்கள் வழியாக நுழைவதற்கு மட்டுமே செல்லும் என்பதால், நீங்கள் இறங்கும் துறைமுகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

இந்தக் கப்பலைக் கேட்டு வரும் மூத்தவர்கள் பலர் தலைமன்னார்க் கதையைச் சொல்லாமல் போவதில்லை. மலையகத் தமிழர்களில் பெரும் பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்புவதற்கான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தானது. அதன் பிறகு ரயிலேறி, தலைமன்னார்த் துறையில் கப்பலுக்குக் காத்திருந்து, அக்கரையில் மண்டபம் முகாமில் பதிந்து பிரிந்து போன அண்ணன், தங்கை, சின்னம்மா எல்லோரும் இன்று நீலகிரியிலும் திருச்சியிலும் இருக்கிறார்கள். பல பத்தாண்டுகள் கழித்து அவர்களைப் பார்க்கப் போகிறவரைக் கப்பலைத் தவறவிட வைத்தால் அது பணக் கணக்கில் அடங்காது.

கப்பல் தவறிவிட்டது. இனி என்ன?

முதலில் சீட்டில் உள்ள அவசர இலக்கத்துக்கு அழையுங்கள். தாமதமாகிறது என்று தெரிந்த கணத்திலேயே, வேனில் இருந்தபடியே அழையுங்கள். சொல்லாமல் விட்டால் வராதவர் என்று பதிந்து, திரும்பும் பயணத்தையும் சேர்த்து ரத்து செய்துவிடக்கூடும். அடுத்த துறைமுகத்தில் ஏற அனுமதி தருவார்களா என்று கேளுங்கள். சில நாடுகளின் சட்டம் அதை அனுமதிக்காது. அனுமதி கிடைத்தாலும் அங்கே போகும் செலவு உங்களுடையது, அந்த நாட்டு விசாவும் வேண்டும். எங்கள் கடவுச்சீட்டுக்கு அது சிறிய விஷயமில்லை.

பயணக் காப்புறுதி இழப்பை ஈடுசெய்யுமா?

"புறப்பாடு தவறுதல்" என்ற பிரிவு அதில் இருந்தால் மட்டும். எடுக்கும்போதே மண்சரிவு, வீதி மூடல் அதற்குள் வருகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். எச்சரிக்கை வெளியான பிறகு எடுத்த காப்புறுதி பெரும்பாலும் செல்லாது. போதிய நேரம் விட்டுப் புறப்பட்டதற்கான ஆதாரமும் கேட்பார்கள். அடைபட்ட வீதியைப் படமெடுங்கள், பொலிஸில் பதிவு செய்து பிரதி வாங்குங்கள்.

அம்மா அப்பா தனியாகப் போகிறார்கள். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பெயரை. நம் தோட்டங்களில் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓர் எழுத்து கூடவோ குறையவோ என்பது எத்தனை வீடுகளில்! கப்பல் சீட்டில் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர் இருக்கவேண்டும். ஓர் எழுத்து வேறுபட்டாலும் முன்பே திருத்துங்கள். கடவுச்சீட்டு 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று பெரும்பாலும் கேட்பார்கள். முதல் நாளே இறங்குவதில் இந்த நன்மையும் இருக்கிறது: பிழை தெரியவந்தால் சரிசெய்ய ஒரு நாள் கையில் இருக்கும்.

மருந்து, கடவுச்சீட்டு, ஒரு மாற்றுடை மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பை அறைக்கு வரச் சில மணி நேரமாகும். மலையில் இருப்பவர்களுக்குக் கொழும்பு வெக்கையே தாங்காது. ஓர் இரவு கீழே தங்கினால் உடம்பும் கொஞ்சம் பழகும்.

திரும்பி வரும் நாளில் அவசரமில்லையே, அன்றே மலையேறலாமா?

கப்பல் காலையில் கரைக்கு வந்தாலும் எல்லோரும் இறங்கி முடிய முற்பகல் ஆகிவிடும். வெளிநாட்டுத் துறைமுகம் என்றால் நண்பகலுக்குப் பிந்திய விமானத்தையே பதிவு செய்யுங்கள். அது கட்டுநாயக்கவில் இரவில் இறங்கினால், காத்திருந்து களைத்த ஓட்டுநரோடு அந்த இருட்டிலேயே கினிகத்தேனை ஏற வேண்டாம். நீர்கொழும்பில் படுத்து, காலை 6 மணிக்குப் புறப்பட்டால் வழியில் கித்துல்கலவில் சாப்பிட்டுவிட்டு, நண்பகலுக்குள் வீட்டில் இருக்கலாம். அக்காவும் அத்தானும் இரண்டாம் முறை, பெப்ரவரி மாதத்தில், போகும்போது இரண்டு இரவும் வரும்போது ஓர் இரவும் தங்கிப் போய் வந்தார்கள். நேரே என் கடைக்கு வந்து, கப்பலின் மேல்தளத்தில் எடுத்த படத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார் அக்கா.